ரொட்டேட்டர் உச்சியிலா, உள்ளேயா? ஆறு வருடத்துப் பதில்

பதுளையில் ஒரு நண்பர் அமெச்சூர் ரேடியோ ஆன்டெனாவுக்கு 40 அடி டவர் ஏற்றப் போகிறார். "ரொட்டேட்டரை உச்சியில் வைக்கவா, டவருக்குள்ளே வைக்கவா?" என்று கேட்டார். ரொட்டேட்டர் என்றால் ஆன்டெனாவை வேண்டிய திசைக்குத் திருப்பும் மோட்டார்ப் பெட்டி. போன கிழமைதான் என்னுடையதைக் கழற்றி மாட்டினேன். அந்தக் கோபம் ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

முதல் இரண்டு வருடம் உச்சித் தட்டின் மேலேயே இருந்தது. மாட்டுவது சுலபம். ஆனால் எங்கள் அப்புத்தளைக் காற்று தெரியும்தானே! மூன்று எலிமென்ட் யாகியை (மூன்று குழாய்களுள்ள, ஒரு திசையை நோக்கும் ஆன்டெனா) பிடித்து அது உலுக்கும்போது, சாய்க்கிற பலம் முழுக்க ரொட்டேட்டரின் கழுத்தில்தான் விழும். அது திருப்புவதற்குச் செய்த பெட்டி, தூண் இல்லை. இரண்டாவது ஆடியில் உள்ளே கியர்ப் பல் தேய்ந்துவிட்டது. ஜப்பானைப் பார்க்க, வடக்கிலிருந்து கிழக்காக 53 டிகிரி வைத்தால், ஆன்டெனா தன் பாட்டில் வடக்கே இந்தியாவைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அப்புறம் உள்ளே இறக்கினேன். உச்சியிலிருந்து ஐந்தடி கீழே தட்டு, அதில் ரொட்டேட்டர். மாஸ்ட், அதாவது ஆன்டெனாவைத் தாங்கும் குழாய், டவர் உச்சியிலுள்ள பேரிங் வழியாக மேலே போகிறது. காற்றின் தள்ளலைப் பெரும்பாலும் பேரிங் வாங்கிக்கொள்ளும். ரொட்டேட்டருக்கு மிஞ்சுவது முறுக்கும் பாரமும்தான். நாலு வருடமாகப் பல் தேயவில்லை. அடியிலேயே வைத்தால் ஏறவே வேண்டாமே என்பீர்கள். அவ்வளவு நீளக் குழாய் தானே முறுகும், நடுவிலும் பேரிங் கேட்கும்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். பேரிங்கும் ரொட்டேட்டரும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் மோட்டார் திணறும். "ஐரோப்பா பக்கம் திரும்பினா முனகுது" என்று முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. அடித்தட்டின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, கீழே ஒருவர் இரண்டு முழுச் சுற்று சுற்ற வைத்தால் அது தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும், பிறகு இறுக்கலாம். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் இதே கூத்து.

போன கிழமை அதுவும் இல்லை, தண்ணீர். மாஸ்டின் வாயை மூட நான் ஒட்டியிருந்த யோகட் கோப்பையைக் காற்று கொண்டுபோய்விட்டது. குழாய்க்குள் இறங்கிய மழை, அதைப் பிடிக்கும் கிளாம்பில் தேங்கி ரொட்டேட்டருக்குள் கசிந்திருக்கிறது. திறந்தால் வெறும் தேத்தண்ணி நிறத்தில் அரைக் கரண்டி. திசை காட்டும் பொட்டென்ஷியோமீட்டர் பச்சை பூத்துப் போயிருந்தது. பனிமூட்டத்தில் விரல் விறைத்து, ஸ்பேனர் வேறு தேயிலைக்குள் விழுந்தது.

நண்பரே, வைத்தால் உள்ளே வையுங்கள், மாஸ்டுக்கு நல்ல மூடி போடுங்கள். ஆனால் என்னைக் கேட்டால் ரொட்டேட்டரே வாங்க வேண்டாம். ஒரு டைபோலை, அதாவது திருப்பத் தேவையில்லாத சாதாரணக் கம்பி ஆன்டெனாவை, கயிற்றில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். நேற்றிரவு 14 மெகாஹெர்ட்ஸில் 320 டிகிரிக்குத் திருப்பியதும் லண்டன் பக்கத்துக் குரல் ஒன்று அடுத்த அறையில் பேசுவதுபோல் வந்தது. அதற்காக என் பேச்சை மாற்ற மாட்டேன். ஸ்பேனர் இன்னும் கிடைக்கவில்லை.