டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மியூசியம், கேப் டவுன்: அரை மணி நேரம் போதாது

ஆபீஸ் வேலையாக ஒன்பது நாள் கேப் டவுன் போயிருந்தேன். சனிக்கிழமை சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு அரை நாள் சிட்டி டூரில் பணம் கட்டிச் சேர்ந்தேன் (எந்த நிறுவனம் என்பது வேண்டாம், விடுங்கள்). கேபிள் காருக்கு இரண்டு மணி நேரம், போ-காப்பில் கலர் கலரான வீடுகள் முன்னால் போட்டோ எடுக்க முக்கால் மணி, நடுவில் போகிற போக்கில் இந்த மியூசியத்துக்கு அரை மணி. உள்ளே நுழைந்து தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததிலேயே இருபது நிமிடம் போய்விட்டது, வாசலில் வேன் டிரைவர் கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். திங்கட்கிழமை மதிய மீட்டிங் சீக்கிரம் முடிந்ததும் தனியாகத் திரும்பிப் போனேன். இந்த ரிவ்யூ அந்த இரண்டாவது தடவைக்கானது.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் கதை. டேபிள் மலை அடிவாரத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில், நகரத்தை ஒட்டியே இருந்த பேட்டைதான் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். 1867-ல் நகராட்சி இதை ஆறாவது வட்டம் என்று குறித்தது, அதுவே பெயராக நின்றுவிட்டது. விடுதலையான அடிமைகளின் பிள்ளைகள், துறைமுகக் கூலிகள், தையல்காரர்கள், யூதக் குடியேறிகள், இந்தியக் கடைக்காரர்கள் எல்லாரும் சுவரோடு சுவராக இருந்த இடம். (டச்சுக்காரர்கள் கேப்புக்கு இழுத்துக்கொண்டு போன அடிமைகளில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களும் உண்டு. பழைய பதிவேடுகளில் அவர்களாக வைத்த பெயருக்குப் பின்னால் 'கோரமண்டல்' என்று ஊர்ப்பெயர்தான் ஒட்டியிருக்கும். சொந்தப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை போல.) 1966 பிப்ரவரி 11 அன்று, 1950-ல் போட்ட இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ், இனி இது வெள்ளையருக்கு மட்டும் என்று அரசு அறிவித்தது. 1982 வாக்கில் 60,000-க்கும் மேற்பட்டவர்களைக் காலி செய்து, கேப் ஃபிளாட்ஸ் என்கிற மணல்வெளியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். யார் எந்த மூலைக்குப் போவது என்பதும் தோல் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவானது, அதனால் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடப் பிரிந்து போனார்கள். வீடுகள் மேல் புல்டோசர் ஏறியது. சில தேவாலயங்களும் மசூதிகளும் மட்டும் மொட்டை வெளியில் தனியாக நின்றன.

மியூசியம் இருப்பது பைட்டன்கான்ட் தெருவில் ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்துக்குள். வெளிச்சுவரில் இருக்கும் பலகையைப் படிக்காமல் உள்ளே போகாதீர்கள். தோலின் நிறத்துக்காகச் சட்டம் போட்டு வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களை வெட்கத்தோடு நினைத்துக்கொள்ளுங்கள் என்று போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சொல்கிறது. அது 1971-ல் வைத்தது, அதாவது இடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே. காவல்துறை தலைமையகம் கூப்பிடு தூரத்தில் இருக்க, அப்போது இதைச் சுவரில் பதிக்க நெஞ்சில் துணிவு வேண்டும்.

1994 டிசம்பரில் தெருக்களைப் பற்றி இங்கே ஒரு சின்னக் கண்காட்சி வைத்தார்கள். சில வாரம் நடத்திவிட்டு எடுத்துவிடுவதாகத்தான் திட்டம், ஆனால் பழைய குடியிருப்பாளர்கள் வந்துகொண்டே இருந்ததால் எடுக்கவே முடியவில்லை. அதற்குச் சில வருடம் முன்பு ஒரு எண்ணெய் நிறுவனம் அந்தக் காலி நிலத்தைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பியபோது, 'கை வைக்காதே' என்று எதிர்த்து நின்ற இயக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் இந்த மியூசியம். அதனால் பொருளைச் சேர்த்துக் கண்ணாடிக்குள் பூட்டும் புத்தி இதற்கு இல்லை.

சரி, தரைக்கு வருகிறேன். கூடத்தின் நடுவில் தரை முழுக்கப் பேட்டையின் தெரு வரைபடத்தைப் பெரிதாகக் கையால் வரைந்து, மேலே தெளிவான பிளாஸ்டிக் போட்டிருக்கிறார்கள். வரைபடம் வெறும் தெருக்கோடுதான். அதன் மேல் அங்கே வாழ்ந்தவர்கள் வந்து மார்க்கரால் தாங்களே எழுதியிருக்கிறார்கள்: இந்த எண் எங்கள் வீடு, இங்கே கடை, இந்த முனையில் இன்னார் குடும்பம். சில இடத்தில் ஒரே வீட்டுக்கு இரண்டு கையெழுத்து, ஒன்று பெரியவருடைய நடுங்கும் கோடு, பக்கத்தில் பிள்ளையோ பேரனோ எழுதிய மாதிரித் தடித்த எழுத்து. நான் மிதிக்காமல் ஓரமாகவே சுற்றிக்கொண்டிருந்தேன். வழிகாட்டியாக வந்த பெரியவர் அதைக் கவனித்துவிட்டு, "நடங்கள், தெரு என்றால் நடக்கத்தானே" என்றார். சொன்னாரே ஒழிய, ஒரு முனை வந்ததும் அவரே அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இந்த வழிகாட்டி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பேட்டையில் பிறந்து வளர்ந்தவர்களே சுற்றிக் காட்டுகிறார்கள், தனியாகப் பார்ப்பதைவிட அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். யோசிக்காமல் கொடுங்கள். அங்கேயும் வயதானவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நமக்கு நாக்கில் வரும் சொல் என்பதால் பேச்சு சுலபமாக ஆரம்பித்துவிடும். ஹனோவர் தெருவில் மீன் வாங்கியது, பயாஸ்கோப்பில் டிக்கெட்டுக்கு அடித்துக்கொண்டது, ஞாயிறு காலை வீட்டுக்கு வீடு தேங்காய்ப்பூ தூவிய கூசிஸ்டர் என்கிற இனிப்புப் பலகாரம் வாங்கியது என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். நடுவில், குரலை மாற்றாமல், "1901-ல் பிளேக் வந்தபோது கறுப்பர்களைத்தான் முதலில் இங்கிருந்து கிளப்பினார்கள், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்" என்றார். எல்லாரும் அண்ணன் தம்பியாகப் பழகினோம் என்று முடித்துக்கொள்வது அவருக்கு ரொம்பச் சுலபமாக இருந்திருக்கும்.

மியூசியத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான நூர் இப்ராஹிம் சொல்லிப் பிரபலமான புறாக் கதையும் உண்டு. காலி செய்தபோது வளர்த்த புறாக்களைப் புது வீட்டுக்குத் தூக்கிப்போய், சில மாதம் கூண்டில் பழக்கி, ஒரு நாள் திறந்துவிட்டார். சாயங்காலம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. மறுநாள் அந்தப் பக்கமாகக் காரில் போனபோது பார்த்தால், இடித்துத் தரைமட்டமான பழைய வீட்டு மனையில் எல்லாம் உட்கார்ந்திருந்தனவாம்.

கூடத்தில் ஏணி மாதிரி மேலிருந்து கீழே தொங்குவது பழைய தெருப் பலகைகள், 70-க்கும் மேல் இருக்கும். எல்லாம் அசல். இடிப்பு வேலையைக் கண்காணித்த ஒரு வெள்ளைக்காரரிடம், இடிபாட்டோடு சேர்த்து இவற்றையும் கடலில் கொட்டச் சொல்லியிருந்தார்கள். அவர் கொட்டவில்லை, வீட்டில் ஒளித்து வைத்திருந்து, கண்காட்சி வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். இடித்த கையும் அதே, காப்பாற்றிய கையும் அதே. இந்த ஆளை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மியூசியமும் அவரை ஹீரோவாக்கவில்லை, திட்டவும் இல்லை, பலகைகளைத் தொங்கவிட்டதோடு சரி.

அப்புறம் துணி. வெள்ளைப் பருத்தித் துணியில் பழைய குடியிருப்பாளர்கள் பெயரும் நினைவும் எழுதி வைக்கிறார்கள். மை நாளாக நாளாக மங்கும் இல்லையா, அதனால் அந்த எழுத்தின் மேலேயே நூலால் எம்பிராய்டரி போடுகிறார்கள், கோணல் எழுத்தென்றால் தையலும் அதே கோணலில் போகும். எழுதி எழுதி மொத்த நீளம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பார்வைக்கு இருப்பது கொஞ்சம்தான்.

இதெல்லாம் கலையா, வெறும் ஞாபகப் பொருளா என்று கேட்கும் ஆட்கள் நம்மிடையே உண்டு. ஓவியர் பெகி டெல்போர்ட் போன்றவர்கள் இதில் உழைத்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் செய்தது வெறும் சட்டகத்தை மாட்டிவிட்டுத் தள்ளி நின்றதுதான், நிரப்பியது மற்றவர்கள். ஒரு கலைஞருக்கு அது சாதாரணக் கட்டுப்பாடு இல்லை. ஒப்பிட ஒரு இடம் சொல்கிறேன்: பத்துப் பதினைந்து நிமிட நடையில், உயர் நீதிமன்றத்தின் ஒரு கட்டடத்துக்கு வெளியே 'வெள்ளையர் மட்டும்', 'வெள்ளையர் அல்லாதோர் மட்டும்' என்று எழுதிய இரண்டு பெஞ்சுகளை நினைவுச் சின்னமாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல யோசனை, பார்த்தவுடன் சுருக்கென்று தைக்கும். ஆனால் நான் நின்ற பத்து நிமிடத்தில் இரண்டு ஜோடிகள் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துவிட்டுப் போனார்கள். மியூசியத் தரையில் யாரோ ஒருவர் வீட்டு எண்ணின் மேல் நின்றுகொண்டு அப்படி எடுக்கக் கை வராது.

யாருக்கு ஒத்துவராது என்றும் சொல்லிவிடுகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, சின்னக் குழந்தைகளோடு ஓடிக்கொண்டே பார்ப்பவர்களுக்கு இது சரிப்படாது. தரையில் எழுத்து, சுவரில் எழுத்து, துணியில் எழுத்து. குறைந்தது இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், கூட ஒரு மணி இருந்தால் வெளியே வந்து அந்த நிலத்துக்கே நடந்து போங்கள், பக்கம்தான்.

ஏனென்றால் உள்ளே பார்த்ததற்கு மீதிக் கணக்கு அங்கேதான் கிடக்கிறது. வெள்ளையர் பேட்டை என்று அறிவித்தார்களே தவிர அப்படி ஒன்று முழுசாக எழும்பவே இல்லை. ஒரு பகுதியில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது, இன்று அது பல்கலைக்கழகம். மீதி புல். 2004 பிப்ரவரி 11 அன்று எண்பது தாண்டிய பழைய குடியிருப்பாளர்கள் இரண்டு பேருக்கு நெல்சன் மண்டேலா வீட்டுச் சாவி கொடுத்தார். அதன் பிறகு நூற்றுக்கணக்கான வீடுகள் கட்டியிருக்கிறார்கள், ஆனால் இழந்த இடத்தைத் திரும்பக் கேட்டு மனு போட்டவர்கள் ஆயிரக்கணக்கில். வழக்குப் போட்டும் வேலை நத்தை வேகத்தில்தான் நகர்ந்தது, காத்திருந்தே பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு பிப்ரவரி 11-க்கும் பழைய ஆட்கள் ஆளுக்கொரு கல்லோடு வந்து அங்கே ஒரு குவியலில் வைக்கிறார்கள்.

நான் போனபோது அந்தக் கல் குவியல் பக்கம் யாரும் இல்லை. கோடையில் தென்கிழக்குக் காற்று அங்கே ஆளைத் தள்ளுகிற மாதிரி அடிக்கும், தொப்பி போட்டுக்கொண்டு போகாதீர்கள், என்னுடையது புல்லுக்கு மேலே பறந்து போய்விட்டது.