சொந்தக்காரர் பட்டியல் கேட்கும் இன்சூரன்ஸ் வேலை: டர்பன்காரர்கள் கவனத்துக்கு

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை தேடும் நம் பிள்ளைகள் யாராவது அதே நாற்காலியில் போய் உட்காரப்போகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு இன்சூரன்ஸ் தரகு அலுவலகத்தில் சேர்ந்தேன். 'நிதி ஆலோசகர்' என்று அச்சடித்த அட்டை. மாதம் 15,000 ரேண்டுக்குக் குறையாது என்ற பேச்சு. பயிற்சிக்கு என்று 1,800 ரேண்டை என்னிடமே வாங்கினார்கள். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். முதல் நாள் காலையிலேயே ஒரு தாளை நீட்டி, 50 சொந்தக்காரர்களின் பெயரும் போன் நம்பரும் எழுதச் சொன்னார்கள். 43 பேர் தேறினார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை.

முதலில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். கூடவே மேனேஜரும் வந்தார். அத்தை சாமி அலமாரிக்குக் கீழிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து, 11 வருடம் கட்டிய பழைய ஃபியூனரல் பாலிசியின் (ஈமச் செலவுக்கான இன்சூரன்ஸ்) ரசீதுகளை மேஜையில் பரப்பினார். புதியதில் மாதம் 40 ரேண்ட் மிச்சம் என்றேன். "நீ சொன்னா சரிப்பா" என்று கையெழுத்துப் போட்டார். படிவத்தில் 'இது பழைய பாலிசிக்குப் பதிலாக எடுக்கப்படுகிறதா' என்று ஒரு கேள்வி உண்டு. மேனேஜர் பேனாவால் 'இல்லை' கட்டத்தைத் தட்டிக் காட்டினார். நான் டிக் அடித்தேன்.

அந்த ஒரு டிக்தான் எல்லாம். இங்கே ஃபியூனரல் பாலிசியில் இயற்கை மரணத்துக்கு ஆறு மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம்; அதற்குள் இறந்தால் பணம் வராது. விபத்து மரணத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. பழையதில் அந்தக் காலம் முடிந்திருந்து, இடைவெளி விடாமல் மாறினால், அதே காப்புக்கு மறுபடி காத்திருக்க வைக்கக்கூடாது. ஆனால் பழைய பாலிசியே இல்லை என்றல்லவா எழுதிக்கொடுத்திருக்கிறோம்! நான்காம் மாதம் மாமா மாரடைப்பில் போனார். பணம் கிடையாது என்று கடிதம் வந்தது.

அப்புறம் கமிஷன். பாலிசி இரண்டு வருடத்துக்குள் நின்றுபோனால் கொடுத்த கமிஷனைத் திருப்பிப் பிடிப்பார்கள் என்பது என் ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில் இருந்தது. விஷயம் தெரிந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசி மாதச் சம்பளச் சீட்டில் 6,840 ரேண்ட், முன்னால் கழித்தல் குறியோடு.

இந்தத் தொழிலே மோசம் என்று சொல்லவில்லை. முறையான இடத்தில் உங்களை மேற்பார்வையில் வைத்து வேலை கற்றுக்கொடுப்பார்கள், இரண்டு வருடத்துக்குள் ஆர்இ5 என்ற தகுதித் தேர்வை எழுத வைப்பார்கள். 50 கேள்வி, தேற 66 சதவீதம் வேண்டும். என் மேனேஜர் அந்தத் தேர்வின் பெயரைக்கூட எடுக்கவில்லை. நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்எஸ்சிஏ இணையதளத்தில் அலுவலகத்தின் எஃப்எஸ்பி எண்ணை (நிதிச் சேவை உரிம எண்) போட்டால் உரிமம் இருக்கிறதா, பிரதிநிதிகள் யார் என்று பார்க்கலாம். ஐந்து மாதம் பாலிசி விற்ற பிறகுதான் நான் பார்த்தேன். உரிமம் இருந்தது, என் பெயர் இல்லை.

அத்தைக்காக 2024இல் தொடங்கிய தேசிய நிதி குறைதீர்ப்பு அமைப்பில் புகார் கொடுத்திருக்கிறோம், கட்டணம் இல்லை. டிக் அடித்தது நான்தான் என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தேன். பிஸ்கட் டப்பாவை அத்தை மகன்தான் கொண்டுவந்து கொடுத்தான். நான் இன்னும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.