அணை உயர சர்வே: லெவல் சரி, அறிக்கையில் கோட்டை விடுகிறார்கள்

கிண்டியில் உள்ள இந்த சர்வே நிறுவனத்தின் களவேலை சுத்தம். உயர வித்தியாசம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவியை இரண்டு முளை அடித்துச் சோதித்த பிறகே தொடங்குகிறார்கள். கருவியிலிருந்து பின்பார்வை (உயரம் தெரிந்த புள்ளி), முன்பார்வை (அடுத்து அளக்கும் புள்ளி) தூரங்கள் சமம். தொடங்கிய பெஞ்ச்மார்க்கிலேயே (உயரம் தெரிந்த நிலையான குறி) முடித்துப் பிழையைக் காட்டுகிறார்கள்.

அறிக்கைதான் ஏமாற்றம். உயரத்தைக் கரையடித் தரையிலிருந்து எடுக்கிறார்கள். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொது அஸ்திவாரப் பரப்பின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து அணையின் உச்சிவரை அளக்க வேண்டும். தரைக்கு மேல் 13 மீட்டர், கீழே அஸ்திவாரம் 2.5 மீட்டர் என்றால் 15.5, 15-ஐத் தாண்டியதால் சட்டத்துக்குள் வந்துவிடும். 10 முதல் 15 மீட்டர்வரை உள்ளதும் தப்பாது: உச்சி நீளம் 500 மீட்டரோ, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டரோ இருந்தாலே போதும்.

இவர்களிடம் வேலை கொடுத்தால், அஸ்திவார ஆழம் தெரிய, பழைய கட்டுமான வரைபடத்தை, இல்லையென்றால் துளையிட்ட மண் பரிசோதனை விவரத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.