எனாமல் பேழையா, வரித் தங்கப் பேழையா? பழைய ஒப்பனைப் பேழை வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

சேகரிப்புக்கென ஒரு பழைய தங்க ஒப்பனைப் பேழை வாங்க முடிவெடுத்தபோது, கடைசியில் இரண்டு என் முன் நின்றன. ஒன்று 1920களின் ஆர்ட் டெகோ என்ற வடிவியல் அலங்காரப் பாணியில் அமைந்த சிறிய பேழை. கறுப்பு எனாமல் பூசி, விளிம்பில் பச்சைக்கல்லும் திறப்பானில் வைரமும் பதித்தது. மற்றது 1940களைச் சேர்ந்த, சற்றுப் பெரிய, மேற்பரப்பு முழுவதும் நேர்வரிகள் ஓடும் தங்கப் பேழை. அதன் பூட்டில் மட்டும் மாணிக்க வரிசை. நான் இரண்டாவதையே வாங்கினேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைத்துக்கொண்டு எழுத விரும்பவில்லை.

அழகைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எனாமல் பேழையே அழகு. உள்ளமைப்பில் தங்கப் பேழைக்கே வசதி அதிகம். பவுடர், உதட்டுச்சாயம் என்ற அளவோடு நின்ற பேழையை, சீப்பு, சிகரெட் என ஒரு மாலைப்பொழுதுக்கு வேண்டிய அனைத்தும் அடங்கும் தட்டையான பெட்டியாக விரித்தது 1930களில் வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ் என்ற பிரெஞ்சு நகை நிறுவனம் அறிமுகப்படுத்திய மினோடியேர். ஃபுளோரன்ஸ் கூல்டு என்ற சீமாட்டி தம் பொருள்களைச் சிகரெட் தகரப் பெட்டியில் போட்டு எடுத்துவந்ததைக் கண்டே அந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். நான் வாங்கியது அந்த வழியில் வந்த பேழைதான்.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இன்னும் குறிப்பாகச் சொன்னால், அடிபட்ட இடத்தை மீண்டும் சரிசெய்ய முடியுமா என்ற ஒரே கேள்வி. எனாமல் என்பது தங்கத்தின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. பேழை கீழே விழுந்தால் தங்கம் சற்று வளைந்து கொடுக்கும், கண்ணாடி கொடுக்காது. அதனால்தான் மூலைகளிலும் கீலை ஒட்டிய விளிம்பிலும் முதலில் சில்லு பெயர்கிறது. அதை முறையாகச் சீர்செய்ய வேண்டுமானால் பேழையை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் வைக்க வேண்டும். அதற்கு முன் கற்களையும் முகக்கண்ணாடியையும் கழற்ற வேண்டும், கீலைப் பற்றவைத்த இடங்கள் அந்தச் சூட்டில் இளகாமல் காக்க வேண்டும். நூறாண்டு பழைய பேழையில் இந்தத் துணிச்சலுக்குப் பெரும்பாலும் யாரும் முன்வருவதில்லை. ஆகவே பிசின் கலந்த சாயத்தைக் குளிர்நிலையிலேயே நிரப்பி மெருகிட்டு விடுகிறார்கள்.

நான் பார்த்த எனாமல் பேழையின் ஒரு மூலையில் நடந்திருந்தது அதுதான். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. விளக்கொளியில் மெல்லச் சாய்த்தபோது, மற்ற இடங்களில் கூர்மையாக ஓடிய ஒளிக்கோடு அந்த மூலையில் மட்டும் மெழுகில் விழுந்ததுபோல் மங்கிப் பரவியது. புற ஊதா விளக்கின் கீழ் அரிசி அளவுள்ள அந்த இடம் தனியாக வெளிறித் தெரிந்தது. அந்தப் பிசின் காலப்போக்கில் நிறம் மாறும். மாறியபின் அதை எடுத்துவிட்டு வேறு பிசின் நிரப்பலாமே தவிர, பழைய கண்ணாடி திரும்பாது.

தங்கப் பேழையிலும் காயம் உண்டு. என்னுடையதன் அடிப்பாகத்தில் ஆழமில்லாத ஓர் ஒடுக்கு இருந்தது. தேர்ந்த பொற்கொல்லர் ஒருவர் உட்புறமிருந்து மரக்கருவியால் மெல்ல அழுத்தி அதை எடுத்துவிட்டார், வரிகள் கலையவில்லை. ஆனால் இதற்கும் ஒரு பகை உண்டு: மெருகுச் சக்கரம். ஒவ்வொரு முறை மெருகிடும்போதும் வரிகளின் முகடு தேய்கிறது, தங்கத்தின் தரம் காட்டும் முத்திரையும் மழுங்குகிறது. விரல் நுனியால் வரிகளின் குறுக்கே தடவிப் பாருங்கள். நடுவில் மழமழவென்றும் ஓரத்தில் சொரசொரப்பாகவும் இருந்தால், அந்தப் பேழை அதிகம் தேய்க்கப்பட்டது என்று பொருள். தேய்ந்த வரியை மீண்டும் வெட்டினால் தகடு மெலியும். எனவே மென்மையான துணிக்கு மேல் எதுவும் வேண்டாம்.

சரிபார்க்க வேண்டியவை இரண்டுக்கும் பொதுவானவை. பிரான்சில் செய்த 18 காரட் தங்கமானால் கழுகுத் தலை முத்திரை இருக்கும். அது 1838 முதல் வழக்கில் உள்ளது. சாய்சதுரத்துக்குள் பட்டறையின் எழுத்துகளும் இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் பெயர் தாங்கிய பேழைகள் பலவற்றை வெளிப் பட்டறைகளே செய்து கொடுத்தன. ஆகவே அந்த எழுத்துகள் நிறுவனத்தின் பெயரோடு ஒத்துவராவிட்டால் அதனாலேயே பொருளை ஒதுக்கிவிடக் கூடாது. அளவாக வெட்டிய சிறு மாணிக்கங்களைக் கட்டாயம் சோதியுங்கள். வெர்னோய் முறையில் செயற்கை மாணிக்கம் 1900களின் தொடக்கத்திலேயே சந்தைக்கு வந்துவிட்டது. நுண்ணோக்கியில் வளைந்த வளர்ச்சிக் கோடுகள் தெரிந்தால் அது செயற்கைக் கல். உள்ளே ஆமையோட்டுச் சீப்பு இருந்தால், எல்லை தாண்டி அனுப்ப அனுமதி தேவைப்படும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

மறுவிற்பனையைப் பொறுத்தவரை என் அனுபவம் குறைவு. வாங்கியிருக்கிறேன், இன்னும் விற்றதில்லை. கார்ட்டியே போன்ற புகழ்பெற்ற நகை நிறுவனத்தின் பெயர் பொறித்த, பழுதில்லாத எனாமல் பேழை ஏலத்தில் என்னுடையதை எளிதாக முந்தும் என்றே நினைக்கிறேன். தங்கப் பேழைக்கு எடைக்குரிய மதிப்பாவது அடியில் நிற்கும். எனாமல் பேழையின் எடையில் கண்ணாடியும் கல்லும் கலந்திருப்பதால் அந்தக் கணக்கு அங்கே சரிவராது. நான்கு மூலைகளும் புற ஊதா விளக்கின் கீழ் ஒரே நிறத்தில் தெரியும் எனாமல் பேழை ஒன்று கைக்கு எட்டினால், அன்று என் தேர்வு மாறக்கூடும்.