வீடு மாற்றும்போது பழைய பாட்டு செட்டைத் தெரியாதவர் கையில் கொடுக்காதீர்கள்: சேலத்தில் எனக்கு நடந்தது

செவ்வாய்ப்பேட்டை வீட்டைப் பாகம் பிரித்து விற்றுவிட்டு, அழகாபுரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. அப்பாவின் பாட்டு செட்டை இங்கே மறுபடி அமைக்கப் போய் 31,700 ரூபாய் போனது. அதோடு, இனி கடையில் வாங்க முடியாத ஒரு பொருளும் போனது. செட்டை அமைத்துக் கொடுக்க வந்த ஆள் இன்னும் சேலத்தில்தான் வீடு வீடாகப் போய் வேலை செய்துகொண்டிருக்கிறார். பழைய செட் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ரெக்கார்டு போட சிங்கப்பூரிலிருந்து வந்த டெக்னிக்ஸ் டர்ன்டேபிள், கல்கத்தாவில் செய்த சோனோடைன் ஆம்ப்ளிஃபையர், அதே கம்பெனி ஸ்பீக்கர் இரண்டு. பட்டறைச் சத்தம் அடங்கியபின் ராத்திரி ஒரு மணி நேரம் நாதஸ்வரம் கேட்பார். அந்தக் கூடம் 22 அடி நீளம், மரத்தூண், மேலே உத்தரம், ஓரத்தில் அடுக்கிய மெத்தைகள். ஸ்பீக்கர் நிற்க வேண்டிய இடத்தைச் சிவப்புத் தரையில் ஆணியால் கீறியே வைத்திருந்தார். பெருக்கும்போது நகர்த்தினாலும் அந்தக் கீறலுக்கே திரும்ப வர வேண்டும்.

புது வீட்டு ஹால் 10 அடிக்கு 11 அடி. உயரமும் 10 அடி. வழவழப்பான டைல்ஸ், நாலு பக்கமும் வெறும் சுவர். செட்டை வைத்துப் பாட்டுப் போட்டால் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி அந்த ஆள் வந்தார். கையைத் தட்டிப் பார்த்தார், போனில் ஏதோ வரைபடம் காட்டினார். "ரூம் பயங்கரமா எக்கோ அடிக்குது மேடம். வயரும் செத்துப்போச்சு. ஊசி தேஞ்சிருக்கு, இப்படியே போட்டா ரெக்கார்டையே கிழிச்சிரும்" என்றார். அப்பாவின் ரெக்கார்டு கிழியும் என்றதும் நான் வேறெதுவும் கேட்கவில்லை. அவருக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது.

சுவரில் ஒட்ட ஃபோம் 24 துண்டு, ஒன்று 550 ரூபாய். "ஆக்சிஜன் ஃப்ரீ காப்பர்" வயர் 20 மீட்டர், மீட்டர் 400. ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜ், புதிது 4,500. கூலி 6,000. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் கூடும் மேடம்" என்றார். ஒரே நாளில் வேலையை முடித்து, பழைய வயரையும் பழைய கார்ட்ரிட்ஜையும் "குப்பையில போட்டுடறேன்" என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அன்று ராத்திரி நாதஸ்வர எல்பி ரெக்கார்டு ஒன்றைப் போட்டேன். தவிலில் அடி ஒலி தரும் தொப்பிப் பக்கம் இருந்த இடமே தெரியவில்லை. நாதஸ்வரம் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் ஒலித்தது. போன் செய்தேன். "புது வயர் மேடம். 200 மணி நேரம் ஓடணும், அப்பத்தான் பர்ன்-இன் ஆகும்," அதாவது ஓடி ஓடிப் பழகினால்தான் சரியாகும் என்றார். தினம் இரண்டு மணி நேரம் கேட்டாலும் 200 மணி நேரம் முடிய நூறு நாள் ஆகும். எதற்காக அவ்வளவு நாள் தள்ளச் சொன்னார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு வாரம் காத்திருந்தேன். அந்த இரண்டு வாரமும் அப்பாவின் ரெக்கார்டுகளையே போட்டுக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஊசி முனையில் சாம்பல் நிறத்தில் தூள் சேர்வதைப் பார்த்துப் பயந்துபோய், அப்பாவின் சிநேகிதருக்குச் சொன்னேன். அம்மாப்பேட்டையில் ரொம்ப காலம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்பீக்கர் துணியைக் கழற்றினார். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வயரைப் பிரித்து, ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லை அந்த முனையில் ஒரு நொடி தொட்டார். செல்லின் பிளஸ் பக்கம் சிவப்பு முனைக்குப் போனால் ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வர வேண்டும். வலது ஸ்பீக்கர் முன்னால் வந்தது. இடது உள்ளே போனது. "ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது கண்ணு. அப்புறம் தவில் எங்க கேக்கும்?" ஒரு பக்கம் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் யாரும் செய்யக்கூடிய சோதனை இது. வயரைக் கட்டாயம் ஆம்ப்ளிஃபையரிலிருந்து பிரித்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து வயர். முனையில் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு, உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. முலாம் பூசிய கொலுசை ஒரு உரசலில் கண்டுபிடிக்கிற பட்டறையில் வளர்ந்தவள் நான், அந்த வயரை ஒரு தடவை உரசிப் பார்க்கவில்லை. அலுமினியத்துக்குச் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மின்தடை உண்டு. நியாயமாகச் சொன்னால் ஐந்து மீட்டர் தூரத்துக்கு அந்த வித்தியாசம் காதில் விழாது என்றுதான் மாமாவும் சொன்னார். ஆனால் முனை சீக்கிரம் கறுத்து இணைப்பு தளரும். அந்த ஆள் எடுத்துப் போனதோ அப்பா போட்ட அசல் செம்பு வயர். பழைய இரும்புக் கடையில் போட்டால்கூடக் காசு.

என்னால் தாங்க முடியாதது கார்ட்ரிட்ஜ் விஷயம். பழையது ஷ்யூர் கம்பெனியுடையது. ஊசி தேய்ந்திருந்தால் ஊசியை மட்டும் மாற்றலாம், அதற்குப் பொருந்துகிற ஊசியை இன்னும் சிலர் செய்கிறார்கள். கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே ஷ்யூர் கம்பெனி 2018-இல் நிறுத்திவிட்டது. அதனால்தான் பழையதற்கு இவ்வளவு கிராக்கி. அந்த இடத்தில் பெயரே இல்லாத ஒன்றை அந்த ஆள் மாட்டியிருக்கிறார். அது தாவிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் கையின் பின்னால் இருக்கும் எடையைத் திருகி அழுத்தத்தை ஏற்றிவிட்டார். அப்பாவின் உள்ளங்கை அளவு மின்தராசு என்னிடம் இருக்கிறது, நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும். அதன் தட்டில் மாமா ஊசியை மெல்ல இறக்கினார். 4.6 கிராம். அப்பா வைத்திருந்தது ஒன்றேகால் கிராம். கொலுசுக்குக் குண்டுமணி எடை பார்த்த தராசில்தான் அதையும் அவர் பார்த்து வைத்திருந்தார். அந்தச் சாம்பல் தூள் என்ன என்று மாமாவைக் கேட்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

ஃபோமைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நிறைய வீடுகளில் ஒட்டுகிறார்கள். அது பார்சலுக்குள் வைக்கிற ஒரு அங்குல ஸ்பாஞ்ச். பத்தடி இடைவெளியில் எதிரெதிராக இருக்கும் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் அடி ஒலி தேங்கி நிற்கும். எங்கள் ஹாலில் அகலமும் உயரமும் ஒரே பத்தடி என்பதால் அதே ஒலி இரண்டு வழியிலும் சேர்ந்து மொத்துகிறது. அந்த அலையின் நீளம் ஆறு மீட்டர். ஒரு அங்குல ஸ்பாஞ்ச் அதை ஒன்றும் செய்யாது, மேல் சுருதிகளை மட்டும் உறிஞ்சிப் பாட்டை மந்தமாக்கும். மாமா ஒரு துண்டை மொட்டை மாடியில் இரும்புச் சட்டியில் போட்டுக் கொளுத்திக் காட்டினார். கரும்புகையோடு உருகிச் சொட்டி எரிந்தது. எங்கள் சாமி விளக்கிலிருந்து இரண்டடி தள்ளி அதைத்தான் ஒட்டியிருந்தார்கள். அன்றே எல்லாவற்றையும் பிய்த்தேன். பட்டியும் பெயிண்ட்டும் சேர்ந்தே வந்தன.

சிவப்பு கறுப்பைச் சரி செய்ததும் தொப்பி வந்தது, ஆனால் அளவுக்கு மீறிக் குமுறியது. இரண்டு ஸ்பீக்கரையும் மூலைக்குள் தள்ளி வைத்திருந்தார் அந்த ஆள். மூலையில் வைத்தால் அடி ஒலி பெருகும், பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டி என்றால் இன்னும் மோசம். இடத்தைக் கண்டுபிடிக்க மாமா ஒரு வழி சொன்னார். நான் உட்காரும் நாற்காலியில் ஒரு ஸ்பீக்கரை வைத்துத் தவிலை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து வரச் சொன்னார். எந்த இடத்தில் குமுறாமல் சமமாகக் கேட்கிறதோ அங்கே ஸ்பீக்கர் நிற்கலாம். ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து ஒன்றே முக்கால் அடி, பக்கச்சுவரிலிருந்து இரண்டரை அடி வந்தது. தரையில் பவானி ஜமக்காளம் விரித்தோம். இரண்டு இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டிப் பின்மூலைகளில் நிறுத்தினோம். நாற்காலியை அதன் பின்னால் உள்ள சுவரை விட்டு முன்னால் நகர்த்தினோம். பழைய கூடம் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. ஆனால் டர்ன்டேபிளைத் தொடாமல் சிடியில் ஒரு கச்சேரி போட்டபோது நாதஸ்வரம் நடுவில் வந்து நின்றது. கைக்காசு ஒரு ரூபாய் செலவில்லை.

அந்த ஆளிடம் கார்ட்ரிட்ஜைத் திருப்பிக் கேட்டேன். "அதெல்லாம் அன்னைக்கே போட்டாச்சு மேடம்." அதற்குப்பின் என் எண்ணை எடுப்பதில்லை. ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கான காகிதங்களைத் தயார் செய்கிறேன். என் கையில் இருப்பது ஜிபே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும்தான். பில் இருந்திருந்தால் பாதி வேலை மிச்சம். செட்டைக் கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும், ஊசி மாட்டிய தலைப்பகுதியையும் போட்டோ எடுத்து வையுங்கள். என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. மாற்றிய பழைய பொருள் எதுவானாலும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், உடைந்ததாக இருந்தாலும் சரி.

வழக்கு போடப் போவதால் அந்த ஆளின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். அந்த ஷ்யூர் மாட்டியிருந்த தலைப்பகுதியையும் அவர் சேர்த்தே எடுத்துப் போய்விட்டார். வெள்ளி நிறம், விரல் பிடி லேசாக வளைந்திருக்கும். அடிப்பக்கத்தில், கொலுசுக்கு அடிக்கிற முத்திரையால் அப்பா பதித்த சின்ன மயில் ஒன்று இருக்கும், கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பழைய சாமான் வாங்கும்போது எங்காவது கண்ணில் பட்டால், அவர்கள் கேட்கும் விலையைச் சொல்லுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.