ஸிப் பை வாங்கப் போய்க் கடுதாசி படித்த கதை

ஒடியல் மாவும் முருங்கை இலைத் தூளும் பக்கற் பண்ணி ஜேர்மனிக்கு அனுப்புகிறேன். புதுக்குடியிருப்புப் பக்கம் வீடு. பின்வளவில் போட்ட தகரக் கொட்டில்தான் தொழிற்சாலை; நானும் இரண்டு பெண்களும் வேலை செய்கிறோம். வவுனியாவில் நான் பை எடுக்கும் கடையைப் பற்றிச் சிலர் விசாரித்தார்கள். பையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸிப் நன்றாகப் பூட்டுது, ஓரம் பிரியாது, மாரி காலத்திலும் மா கட்டிபடுவதில்லை. பையோடு அவர்கள் தரும் கடுதாசிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேறு ஒருவரிடம்தான் பை வாங்கினேன். பெயர் வேண்டாம். பை மலிவு, சொன்ன நாளில் பஸ்ஸில் போட்டுவிடுவார். பிளாஸ்டிக்கில் உணவு அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினால் அந்தப் பிளாஸ்டிக் பாதுகாப்பானது என்று எழுத்தில் ஒரு பிரகடனம் வேண்டும். அதையும் ஒரு பிரதி தந்தார். நானும் ஃபைலில் குத்தி வைத்துவிட்டு மறந்துபோனேன்.

ஒருநாள் ஜேர்மனியில் என் சாமானை இறக்கும் அண்ணை கோல் எடுத்தார். அவருடைய களஞ்சியத்துக்கு உணவுப் பரிசோதகர்கள் வந்து எல்லாப் பைக்கும் பிரகடனம் கேட்டிருக்கிறார்கள். நான் அனுப்பியதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது 2019 ஆம் ஆண்டுக் கடுதாசி. 10/2011 சட்டத்தில 2019/37 திருத்தம் வரைக்கும்தான் சொல்லிக் கிடக்கு. அதுக்குப் பிறகு எத்தினை வந்திட்டுது" என்றார். 10/2011 என்பது உணவு தொடும் பிளாஸ்டிக்குக்கான ஐரோப்பியச் சட்டம்.

பை தந்தவரைக் கேட்டேன். "அதில எக்ஸ்பயரி இல்லை அக்கா, எப்பவும் செல்லும்" என்றார். பாதி உண்மை. வாகன வரிப்பத்திரம் மாதிரி வருடாவருடம் முடிகிற சாமான் இல்லை இது. காலாவதித் திகதி எதுவும் சட்டத்தில் கிடையாது. ஆனால் பை செய்யும் பொருளோ செய்யும் விதமோ மாறி, அதனால் பையிலிருந்து உணவுக்குள் இறங்கும் இரசாயனத்தின் அளவும் மாறினால், அல்லது புதிய அறிவியல் தகவல் வந்தால், பிரகடனத்தைப் புதுப்பிக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. முடிகிற திகதி போட்டிருந்தால் நானே பார்த்திருப்பேன். போடாததால்தான் எல்லோரும் நித்திரை.

எங்கள் பை மாறித்தான் இருந்தது. முதல் வாங்கியது உள்ளே பளிங்கு மாதிரி இருக்கும். பிறகு வந்தது உள்ளே வெள்ளித் தாள் மாதிரி. பெட்டியில் இலக்கம் அதேதான்! நாங்களும் "வடிவாயிருக்கு" என்று சொல்லிக்கொண்டு நிரப்பினோம்.

இனி வவுனியாக் கடை. மேசையில் இருந்த தம்பி என் பழைய பையை எடுத்து, கத்திரிக்கோலால் ஓரத்தை வெட்டி, நகத்தால் இரண்டு படையாக உரித்துக் காட்டினான். நடுவில் இருப்பது பசை. அது வடிவாக இறுகாவிட்டால் அதிலிருந்து அரோமற்றிக் அமீன் என்ற சாமான் உணவுக்குள் இறங்கலாம். முந்தி அதைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் மட்டத்தில் தேடினால் போதும். 2020 இல் வந்த 2020/1245 திருத்தத்துக்குப் பிறகு, புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று பட்டியலிட்டவற்றை ஒவ்வொன்றாக 0.002 வரை தேடவேண்டும். ஆக, என்னுடைய 2019 கடுதாசியில் 'அமீன் இல்லை' என்று இருந்தாலும் இன்றைக்கு அது பதில் ஆகாது. எனக்குப் பசை என்றால் பள்ளிக்கூடக் கோந்துதான் தெரியும். அரைமணி நேரம் அங்கேயே இருந்துவிட்டேன்.

அவர்களுடைய கடுதாசியில் பையின் இலக்கம், எத்தனை படை, திகதி, எத்தனையாவது பதிப்பு எல்லாம் இருக்கிறது. 40 பாகையில் 10 நாள் வைத்துச் சோதித்தது, உலர்ந்த உணவுக்கு மட்டும் என்றும் எழுதியிருக்கிறது. இந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்தது. எள்ளுருண்டையும் இதே பையில் போடுகிற யோசனையில் இருந்தேன். "எண்ணெய்ச் சாமான் இதுக்குள்ள போடாதையுங்கோ அக்கா. உலர்ந்ததுக்கு ஒரு தூளை வைச்சு ரெஸ்ற் பண்ணுறது, எண்ணெய்க்கு மரக்கறி எண்ணெய். அது வேற பை" என்றான். விற்கிறவன் விற்காமல் விடுவது எங்கள் பக்கம் காணாத காட்சி.

பிரகடனம் மாறினால் மின்னஞ்சல் வரும். 2025/351 திருத்தத்துக்கு என்று புதுப் பதிப்பு நான் கேளாமலே வந்தது. அதற்கு மாறுவதற்குத் தந்த இடைக்காலம் 2026 செப்டெம்பர் 16 வரைக்கும் இருந்தும் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள்.

குறை இல்லையா? இருக்கிறது. 2,000 பைக்குக் குறைய எடுக்க ஏலாது; எனக்கு அது ஆறு மாதச் சரக்கு. பழைய ஆளைவிடப் பைக்கு 6 ரூபா கூட. மின்னஞ்சல் முழுக்க ஆங்கிலம். தம்பி தமிழில் சொன்னதில் கால்வாசியாவது எழுதி அனுப்பலாம். பெட்டியில் ஒட்டும் தொகுதி இலக்கத் தாள் எங்கள் வெயிலுக்குச் சுருண்டு விழுந்துவிடும். அது போனால் எந்தப் பைக்கு எந்தக் கடுதாசி என்பதே தெரியாது. சொன்னேன், "பாப்பம்" என்றார்கள். அடுத்த பெட்டியும் அதே கோலம். இப்போது பெட்டி வந்ததும் மார்க்கர் பேனையால் நானே எழுதிவிடுகிறேன்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று தாள் சுருளுகிறதற்கு.

என் பக்கத்தில் செய்வதையும் கேட்டார்கள். ஒரு சீ.ஆர். கொப்பி: மா அரைத்த திகதி, பைத் தொகுதி இலக்கம், அந்தப் பைக்குரிய பிரகடனத்தின் திகதி. தை (ஜனவரி) மாதமும் ஆனி (ஜூன்) மாதமும் கொப்பியைத் திறந்து கடைக்கு ஒரு கோல் எடுப்பேன். ஐரோப்பாவின் கவலைக்குரிய இரசாயனங்களின் பட்டியல் வழக்கமாக அந்த இரண்டு மாதங்களில்தான் நீளும்; எங்கள் அண்ணை அதையும் கேட்பார். மற்றபடி பையைக் கையில் எடுத்துத் தடவிப் பார்ப்பது. தடிப்பு, நிறம், மணம் ஏதாவது வேறாகத் தெரிந்தால் நிரப்புவதை நிறுத்திவிட்டு முதலில் தம்பிக்குப் படம் அனுப்புவோம்.

பழைய வெள்ளிப் பை முந்நூறளவில் மிஞ்சிக் கிடந்தது. எறிய மனமில்லை. அம்மா அதில் பயற்றை விதையும் கத்தரி விதையும் போட்டுப் பூட்டி, அடுப்படிப் பரணில் அடுக்கி வைத்திருக்கிறா.