32ஆவது வினாடியில் அறுந்த அழைப்புகள்: இணையத் தொலைபேசியோடு நான்கு ஆண்டுகள்

கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்கள் விற்கும் அலுவலகம் எங்களுடையது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் விவசாயிகளும் சிறு கடைக்காரர்களும்தான். அவர்கள் மின்னஞ்சல் எழுத மாட்டார்கள், கூப்பிடுவார்கள். தோட்டத்து மோட்டார் நின்றுபோன காலையில் ஒருவர் கூப்பிட்டு, இங்கே மணி அடிக்கவில்லையென்றால், அடுத்த நிமிடம் வேறு கடையைக் கூப்பிட்டுவிடுவார். எங்களிடம் உள்ள 22 மேசைத் தொலைபேசிகளும் ஒழுங்காக ஒலிக்க வேண்டும் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பழைய இன்டர்காம் பெட்டியைக் கழற்றிவிட்டு இணையத் தொலைபேசிக்கு மாறினோம். எக்ஸ்சேஞ்ச் வேலையைச் செய்யும் சர்வர் சேவை நிறுவனத்தின் பொறுப்பில் வெளியூரில் இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் இருப்பவை தொலைபேசிகள், அவற்றுக்கு மின்சாரத்தையும் இணைப்பையும் ஒரே கேபிளில் தரும் ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், அவ்வளவுதான். நான் அலுவலக நிர்வாகம் பார்ப்பவன். தொழில்நுட்பம் படித்ததில்லை. ஆனால் தொலைபேசி வேலை செய்யவில்லை என்றால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். இப்போது யார் வந்து முறையிட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எத்தனை வினாடியில்?

அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது முதல் மாதத்திலேயே வந்த கோளாறு. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண், “பேச ஆரம்பித்ததுமே அறுந்துவிடுகிறது அண்ணா” என்று ஒரே நாளில் ஐந்தாறு முறை வந்து சொன்னார். நான் கேபிளை மாற்றினேன், தொலைபேசியையே மாற்றினேன், இணைய நிறுவனத்தை அழைத்துப் புகார் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தொலைபேசித் திரையில் ஓடும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் அழைப்பு 32ஆவது வினாடியில் அறுந்தது. இரண்டாவதும் அதே 32. மூன்றாவதும் அதே. அதுமட்டுமல்ல, வெளியிலிருந்து வரும் அழைப்புகள்தான் அறுந்தன. நாங்கள் கூப்பிட்டால் அரை மணி நேரம் கூடப் பேச முடிந்தது.

மோசமான கேபிளுக்கும் மெதுவான இணையத்துக்கும் இப்படி நேரம் தவறாத பழக்கம் கிடையாது. எங்கோ ஒரு கடிகாரம் எண்ணிக்கொண்டிருக்கிறது என்பது அப்போது உறைத்தது. தேடிப் படித்தபோது விஷயம் தெளிவானது. இந்தத் தொலைபேசிகள் எஸ்ஐபி என்ற நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. 2002இல் வெளியான ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணம் அதற்கு அடிப்படை. நாம் ரிசீவரை எடுத்ததும் தொலைபேசி “எடுத்தாயிற்று” என்று சர்வருக்குச் சொல்கிறது. சர்வர் “தெரிந்துகொண்டேன்” என்று பதில் தர வேண்டும். அந்தப் பதில் வரவில்லையென்றால் தொலைபேசி அரை வினாடி கழித்து மறுபடி சொல்லும், பிறகு ஒரு வினாடி, இரண்டு, நான்கு என்று இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லும். அரை வினாடியின் 64 மடங்கு, அதாவது 32 வினாடி ஆகியும் பதில் இல்லையென்றால் அழைப்பைத் துண்டித்துவிடும். இதற்கிடையே குரல் வேறு பாதையில் நன்றாகவே போய்க்கொண்டிருக்கும். ஆகவே பேசுகிறவர்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

பதில் ஏன் வரவில்லை? காரணம் எங்கள் ரவுட்டர். அதில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்றொரு வசதி முன்கூட்டியே இயங்கும் நிலையில் இருந்தது. உள்ளே இருக்கும் தொலைபேசியின் முகவரியை வெளியுலகுக்கு ஏற்றபடி திருத்திக்கொடுத்து உதவ வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் இன்றைய சர்வர்கள் அந்தச் சிக்கலைத் தாங்களே கையாள்கின்றன. இருவரும் ஒரே கடிதத்தைத் திருத்தினால் முகவரி எப்படி இருக்குமோ அப்படித்தான் ஆனது. அதை நிறுத்தி, ரவுட்டரையும் தொலைபேசிகளையும் அணைத்துப் போட்டேன். அன்றோடு சரி.

ஈரோடு கிளையில் இதே கோளாறு வந்தபோது, அங்கிருந்த ரவுட்டரில் அந்த வசதியை நிறுத்த வழியே இல்லை. அங்கே தொலைபேசிகளை 5060ஆம் போர்ட்டிலிருந்து (போர்ட் என்பது இணையப் போக்குவரத்து நுழையும் கதவின் எண்) 5061ஆம் போர்ட்டுக்கு, டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்க முறைக்கு மாற்றினோம். உறைக்குள் இருப்பதை ரவுட்டரால் படிக்க முடியாதபோது திருத்தவும் முடியாது. புதிதாக இந்த அமைப்புக்கு மாறுகிறவர்கள் தொலைபேசியை மேசையில் வைப்பதற்கு முன்பே ரவுட்டரில் இந்த ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது நான்கு வினாடி. எண்ணை அழுத்திய பிறகு நான்கு வினாடி எதுவும் நடக்காது, அதன் பிறகே அழைப்பு போகும். பலர் இதைத் தொலைபேசியின் மந்தம் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்கிறார்கள். உண்மையில், நாம் இன்னும் எண் அழுத்துவோமா என்று தொலைபேசி காத்திருக்கிறது. டயல் பிளான் என்ற இடத்தில் நம் நாட்டு எண்களின் வடிவத்தை எழுதிவிட்டால் காத்திருக்காது. 2021 ஜனவரி 15 முதல் தரைவழி எண்ணிலிருந்து கைபேசிக்கு அழைத்தால் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அதனால் கைபேசியானாலும் 0422 போன்ற குறியீட்டோடு கூடிய தரைவழி எண்ணானாலும் மொத்தம் 11 இலக்கம். எனவே “0, பிறகு பத்து இலக்கம், உடனே அனுப்பு” என்று விதி எழுதினேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் வியாபாரி ஒருவருக்கு அழைப்பு போகவில்லை என்று விற்பனைப் பிரிவிலிருந்து வந்தார்கள். வெளிநாட்டு எண்கள் 00 என்று தொடங்கும். 0094 என்று ஆரம்பித்து 13 இலக்கம் அழுத்த வேண்டிய எண்ணை, என் விதி 11ஆவது இலக்கத்திலேயே வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டாவது இலக்கம் 1 முதல் 9 வரை இருந்தால் மட்டுமே என்று விதியைத் திருத்திய பிறகுதான் சரியானது. அவசர எண்ணான 112ஐயும் அந்தப் பட்டியலில் சேர்த்து, உள் எக்ஸ்டென்ஷன்கள் எதுவும் அந்த எண்ணோடு மோதவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். இதைச் செய்யாமல் விட்ட அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். அது பெரிய அலட்சியம்.

இன்னொரு கோளாறுக்கு வினாடிக் கணக்கு அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. கிடங்குத் தொலைபேசியில் வெளியே கூப்பிட முடியும். உள்ளே வரும் அழைப்புதான் ஒலிக்காது. ஆனால் யாராவது அதிலிருந்து ஒருமுறை வெளியே கூப்பிட்டுவிட்டால், அடுத்த சில நிமிடங்களுக்கு வரும் அழைப்பும் ஒலிக்கும். பிறகு மறுபடி மௌனம். கிடங்கில் இருப்பவர், “நான் தொட்டால்தான் அதற்கு உயிர் வருகிறது” என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. தொலைபேசி சர்வரிடம் தன் இருப்பைப் பதிவு செய்வது 3600 வினாடிக்கு ஒருமுறை என்று வைக்கப்பட்டிருந்தது. ஆனால் நடுவில் இருக்கும் ரவுட்டர், போக்குவரத்து இல்லாத பாதையைச் சில நிமிடங்களிலேயே, சில ரவுட்டர்களில் அரை நிமிடத்திலேயே, மறந்துவிடும். பதிவு உயிரோடு இருப்பதாகச் சர்வர் நினைக்கும், பாதை மட்டும் மூடியிருக்கும். பாதை மறக்கப்படாமல் இருக்க அவ்வப்போது ஒரு சிறு செய்தி அனுப்பும் ‘கீப் அலைவ்’ என்ற செட்டிங்கை இயக்கி 30 வினாடி என்று வைத்ததும் தீர்ந்தது.

இவ்வளவு திருத்தியும், ஒரு கட்டத்தில் என்னை மிகவும் வாட்டியது வேறொன்று. இன்று சரி செய்வேன், மறுநாள் காலை பழையபடி மாறியிருக்கும். யாரோ என் கண்ணில் படாமல் மாற்றுகிறார்கள் என்றே சந்தேகப்பட்டேன். அப்படி யாரும் இல்லை. இந்தத் தொலைபேசிகள் இரவில் சேவை நிறுவனத்தின் சர்வரிலிருந்து தங்கள் செட்டிங் கோப்பை இறக்கிக்கொள்கின்றன. தொலைபேசியின் பக்கத்தில் நான் கையால் எழுதியதையெல்லாம் அந்தக் கோப்பு அழித்துவிடும். மாற்றத்தை அந்தக் கோப்பிலேயே செய்ய வேண்டும். அதற்கு நிறுவனத்திடம் கேட்டு அனுமதி பெற மூன்று வாரம் ஆனது. பணம் கட்டுகிற வாடிக்கையாளரிடம் இதை முதல் நாளே சொல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வங்கிக்கு அழைத்து “தமிழுக்கு 1ஐ அழுத்தவும்” என்ற குரலுக்கு 1ஐ அழுத்தினால் அது கேட்காத கோளாறு எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும். பொத்தானின் ஒலியைக் குரலோடு கலந்து அனுப்பினால், ஜி.729 போன்ற சுருக்கும் முறைகள் அதைச் சிதைத்துவிடும். பொத்தான் ஒலியைக் குறிக்கும் டிடிஎம்எஃப் என்ற இடத்தில், அதைக் குரலோடு கலக்காமல் தனிச் செய்தியாக அனுப்பும் ஆர்எஃப்சி 2833 என்பதைத் தேர்ந்தெடுத்து, சர்வரிலும் அதுவே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடினால் நேர மண்டலத்தை +5:30 என்று வையுங்கள். மணியே அடிக்காத தொலைபேசிகளில் நான் மிக அதிகம் கண்ட காரணம், யாரோ தெரியாமல் அழுத்திவிட்ட ‘தொந்தரவு செய்யாதே’ பொத்தான். திரையின் மூலையில் சிறு குறி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசிகள் ஒலிப்பதாகக் காவலாளி சொன்னது இரண்டாம் ஆண்டில். எடுத்தால் பேச்சில்லை, திரையில் 100 அல்லது 1001 என்று காட்டும். பாவம், அவர் பயந்துபோயிருந்தார். இணையத்தில் திறந்து கிடக்கும் 5060ஆம் போர்ட்டுகளைத் தேடித் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஏராளம். அவற்றில் ஒன்று எங்கள் கதவையும் தட்டியிருக்கிறது. முன்பு கோளாறு பார்க்க வந்த ஒருவர் ரவுட்டரில் அந்த போர்ட்டைத் திறந்துவிட்டு மூடாமல் போயிருந்தார். அதை மூடினேன். தன் சர்வரிடமிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்கும்படி தொலைபேசிகளையும் மாற்றினேன். ஆலையில் வைத்த கடவுச்சொல்லை 22 தொலைபேசிகளிலும் அன்றே மாற்றினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது.

சுவருக்கு வண்ணம் பூசிய வாரத்தில் ஒரு பெரிய முடக்கம். தொலைபேசியின் பின்னால் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று சுவருக்கு, மற்றொன்று கணினிக்கு. வேலை முடிந்து திரும்ப மாட்டியவர் இரண்டையும் சுவரில் மாட்டிவிட்டார். ஸ்விட்சிலிருந்து புறப்பட்டது ஸ்விட்சுக்கே திரும்பிச் சுற்றிச் சுற்றி வந்து, பில் போடும் கணினி உட்பட அலுவலகமே இரண்டு மணி நேரம் நின்றது. இப்போது ஒவ்வொரு துளைக்கும் வண்ண நாடா ஒட்டியிருக்கிறேன்.

குரல் நடுங்குகிறது, விட்டு விட்டுக் கேட்கிறது என்றால் இணைய வேகத்தைக் கூட்டுங்கள் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜி.711 என்ற குரல் அனுப்பும் முறையில் குரல் மட்டும் வினாடிக்கு 64 கிலோபிட், அதைச் சுமந்து செல்லும் முகவரி உறைகளையும் சேர்த்தால் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. எங்கள் குரலைக் கெடுத்தது கேமரா பதிவுகள் பகலில் மேலேற்றப்பட்டுக்கொண்டிருந்ததுதான். அதை இரவுக்கு மாற்றி, ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தேன். கூடுதல் பணம் எதுவும் கட்டவில்லை.

இத்தனைக்கும் பிறகு பழைய இன்டர்காமுக்குத் திரும்புவேனா என்றால், மாட்டேன். ஒருவர் மேசை மாறினால் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டினால் போதும், அவருடைய எண் கூடவே வருகிறது. மின்சாரம் போனாலும் ஸ்விட்சும் ரவுட்டரும் இணையப் பெட்டியும் யுபிஎஸ்ஸில் இருப்பதால் எல்லாத் தொலைபேசிகளும் ஒலிக்கின்றன. யாருடைய அழைப்பை நாம் எடுக்காமல் விட்டோம் என்று மாலையில் பட்டியல் பார்த்து ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிடுகிறோம். பழைய பெட்டி இருந்த காலத்தில் எத்தனை விவசாயிகளை இழந்தோமோ என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

சென்ற மாதம் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு முறையீடு. புதிதாக வாங்கிய தொலைபேசி. நீண்ட அழைப்புகள் அறுந்துவிடுகின்றன. நான் கேட்பதற்குள் வரவேற்பு மேசைப் பெண்ணே ஒரு தாளை நீட்டினார். மூன்று அழைப்புகளின் நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். மூன்றிலும் 15 நிமிடம் 32 வினாடி.

நீண்ட அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சர்வர் இடையில் ஒருமுறை கேட்கும். இதற்கு வழக்கமாக வைக்கப்படும் கெடுவான 1800 வினாடியில் பாதி கடந்ததும், அதாவது 15 நிமிடத்தில், அந்தக் கேள்வி வரும். தொலைபேசியிடமிருந்து 32 வினாடிக்குள் பதில் போகவில்லையென்றால் அழைப்பு துண்டிக்கப்படும். புதிய தொலைபேசியில் கீப் அலைவ் இயக்கப்படவில்லை. குரல் ஒரு பாதையில் ஓடிக்கொண்டிருக்க, கேள்வி வர வேண்டிய பாதையை ரவுட்டர் மறந்துவிட்டிருந்தது. அப்படியானால் அந்தத் தொலைபேசிக்கு வெளியிலிருந்து அழைப்பும் வந்திருக்காதே என்று கேட்டேன். கணக்காளர் யோசித்துப் பார்த்து, வாங்கிய நாளிலிருந்து அது ஒருமுறைகூட மணி அடித்ததாக நினைவில்லை என்றார். 30 என்று எழுதிச் சேமித்துவிட்டு, என் கைபேசியிலிருந்து அவர் எண்ணை அழைத்தேன். ஒலித்தது.